மூன்றாம் குடிலில் செம்பேன்

விடிகாலையில் போன கீரைக் கூடைகள் மதியத்துக்குள் திரும்பி வந்துவிட்டன. வண்டிக்காரர் அவற்றைச் சிப்பம் கட்டும் கொட்டகையின் வாசலில் இறக்கி வைத்துவிட்டு, தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். பசலைக்காரரின் மகள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“என்னண்ணே, ஆஸ்பத்திரியில பூட்டியிருந்தாங்களா?”

“தொறந்துதான் இருந்துச்சு. எடுக்க மாட்டேன்னுட்டாங்க. போன வாரக் கீரைய லேபுக்கு அனுப்பினாங்களாம். இலையில பூச்சி மருந்து நிக்குதாம்.”

சந்தையில் எல்லோரும் பசலைக்காரர் என்று கூப்பிடும் அவள் அப்பா, நகரத்தின் விளிம்பில் மூன்று பசுமைக் குடில்கள் போட்டு, வாழ்நாள் முழுக்கப் பசலைக்கீரை ஒன்றையே பயிரிட்டவர். பிளாஸ்டிக் கூரை, பக்கவாட்டில் சுருட்டி ஏற்றும் திரை, உள்ளே நீளநீளமான பாத்திகள். அறுப்பதில் பெரும் பங்கு பெரிய ஆஸ்பத்திரியின் சமையலறைக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே நோயாளிகளுக்குத் தினமும் கீரை சூப்பு உண்டு. அந்தச் சமையலறை கைவிட்டால், சந்தையில் கூவி விற்பதற்கு மூன்று குடில் வேண்டியதில்லை, ஒன்றே அதிகம்.

இதற்கு முந்தைய தடவை கூடைகள் திரும்பியது அசுவினிப் பூச்சிக்காக. இலை மடிப்புக்குள் பச்சைப் பச்சையாகக் கூட்டம் போட்டு உட்கார்ந்திருந்தன. அதை ஒழிக்கத்தான் பசலைக்காரர் மருந்தை அள்ளி அடித்தார். அசுவினி ஒழிந்தது. இப்போது மருந்து ஒழியவில்லை.

“அப்ப வேற மருந்து மாத்திப் பாப்போம்” என்றார் அவர், கூடையைத் திறந்து பார்க்காமலே.

“அப்பா, மருந்தே வேணாங்கறாங்க.”

“பூச்சி?”

“அதுவும் வேணாங்கறாங்க.”

“அப்ப அவங்களுக்குக் கீரையே வேணாம்னு சொல்லு” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மகள் அப்படி விடுகிறவள் அல்ல. அன்று பிற்பகலே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். சமையலறையின் பொறுப்பில் இருந்த அம்மாள் வெள்ளைத் தொப்பியைக் கழற்றாமல், எச்சில் தட்டுகள் போகும் வாசல் பக்கம் நின்றே பேசினார். கோபக்காரர் இல்லை. ஆனால் சொன்ன சொல்லில் ஒரு மயிரிழை அசைகிறவரும் இல்லை.

“இங்க பாரும்மா. என் சூப்பக் குடிக்கிறவங்க எல்லாம் படுத்த படுக்கையா இருக்கறவங்க. நல்லா இருக்கற உடம்பு தாங்கறத அது தாங்காது.” ஒரு வெள்ளைப் பேசினில் தண்ணீர் பிடித்து, அலமாரியில் இருந்து ஒரு கட்டுக் கீரையை எடுத்து அதில் தலைகீழாக முக்கி உதறினார். தண்ணீரில் நாலைந்து கறுப்புப் புள்ளிகள் மிதந்தன. “இது வேற ஒருத்தர் கீரை. இதுவும் திரும்பிப் போகுது. பேசின்ல ஒண்ணும் மிதக்கக் கூடாது, லேபுல ஒண்ணும் தெரியக் கூடாது. அவ்வளவுதான்.”

“ரெண்டும் இல்லாம எப்படி மேடம் வளக்கறது?”

“அது உங்க வேலை. சமைக்கிறது என் வேலை.”

மகள் வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். “அடுத்த அறுப்பு ஒண்ணே ஒண்ணு பாருங்க. அதுலயும் தப்பு இருந்தா நாங்களே வர மாட்டோம்.”

அந்த அம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தார். “சரி. ஒண்ணு.”

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். வாக்குக் கொடுத்தாயிற்று. ஆனால் எதை நம்பிக் கொடுத்தோம் என்று யோசித்தபோது கையில் ஒன்றுமே இல்லை.

இருந்தது ஒன்றே ஒன்று, மருந்து படாத மூன்றாம் குடில்.

அதற்குக் காரணம் அவள் கணவன். அவன் பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டிருந்தவன். மாவுத் தூசி நெஞ்சில் இறங்கி மூச்சு முட்ட ஆரம்பித்தது. பேக்கரி வேலையை விடு, இல்லையென்றால் உயிரை விடு என்று டாக்டர் சொன்ன பிறகு, சென்ற ஆண்டு மாமனாரின் குடில்களுக்கு வேலைக்கு வந்தான். முதல்முறை மருந்து வாடை பட்டதுமே பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து இருமத் தொடங்கினான். அன்றிலிருந்து மூன்றாம் குடிலில் மருந்து அடிக்கக் கூடாது என்று மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். பசலைக்காரருக்கு எரிச்சல்தான். ஆனால் மாப்பிள்ளையை எப்படிக் கடிந்துகொள்வது? அவர் சொல்ல வேண்டியதையெல்லாம் மகள் மூலமாகவே சொல்வார், மாப்பிள்ளை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாலும்.

“உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லும்மா, களை முழங்கால் அளவு வந்தாச்சு, அடுத்து மாடு மேய விடலாம்னு.”

மாப்பிள்ளையும் அவரைப் பார்க்காமலே, “மாமாகிட்ட சொல்லு, இன்னைக்குப் பிடுங்கிடறேன்னு” என்பான்.

இப்படி நடுவில் நின்று நின்று தனக்குக் கழுத்து வலி வந்துவிட்டதாக அவள் தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பதுண்டு.

அன்று சாப்பாட்டு மேசையில் விஷயத்தை உடைத்தாள். மூன்றாம் குடிலில் மட்டும், மருந்தில்லாமல், ஆஸ்பத்திரிக்கென்று ஒரு விதைப்பு. பசலைக்காரர் தட்டில் இருந்து தலையை நிமிர்த்தவில்லை. “மாப்பிள்ளை செய்யறேன்னா நான் குறுக்க நிக்கறவன் இல்ல” என்றார். அதற்கு, ஒரு தடவை பட்டால்தான் புத்தி வரும் என்று அர்த்தம். மூவருக்கும் அது தெரிந்தே இருந்தது.

கணவனும் மனைவியும் பாத்தியைச் சுத்தமாக்கினார்கள். களைகளை வேரோடு எடுத்து வெளியே கொண்டுபோய் எரித்தார்கள். புது விதை விழுந்தது. கீரை மெத்தென்று, கரும்பச்சையாக எழுந்து வந்தது. அசுவினி தலைகாட்டியபோது தண்ணீரைப் பீய்ச்சி உதிர்த்தார்கள். இலைக்குள்ளே வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு ஊரும் புழு வந்தபோது, கோடு விழுந்த இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துப் பைக்குள் கட்டிப் போட்டார்கள். மாப்பிள்ளை விசில் அடித்துக்கொண்டு வேலை செய்தான். நெஞ்சு இலகுவாகிவிட்டது என்று மனைவியிடம் சொன்னான்.

அந்த விசில் ஒரு காலையில் நின்றது.

“இங்க வந்து பாரேன். இலை மேல மாவு தூவின மாதிரி இல்ல?”

அவள் குனிந்து பார்த்தாள். கரும்பச்சை இலையில் பொடிப்பொடியாக வெளிறிய புள்ளிகள். தடவினால் போகவில்லை. இலையைக் கிள்ளி ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டினாள். தாளில் தூசி போல ஏதோ விழுந்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தபோது தூசி நடக்க ஆரம்பித்தது.

செம்பேன். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு, எட்டுக் கால், இலையின் அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். வெயில் ஏறி, காற்று காய்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். அப்போது வெயில் காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தது.

பயிருக்கு நன்மை செய்யும் பூச்சிகளை வளர்த்து விற்கும் ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு மகள் போன் போட்டாள். செம்பேனைத் தின்கிற இன்னொரு பேன் இருக்கிறது, அதற்குக் கீரை பிடிக்காது, செம்பேன்தான் உயிர் என்றார்கள். மரத்தூள் மாதிரி ஏதோ ஒன்றோடு கலந்து பாட்டில்களில் அடைத்து அனுப்பினார்கள். பசலைக்காரர் ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“ஏம்மா, இருக்கற பூச்சி போதாதுன்னு காசு குடுத்து வேற வாங்கறீங்களா?”

“இது அதத் திங்கும்ப்பா.”

“திங்கட்டும், திங்கட்டும். தின்னுட்டு என்ன பண்ணும்? நமக்குக் கால் அமுக்கி விடுமா?”

மாப்பிள்ளை பாட்டில்களில் இருந்ததைப் பாத்திபாத்தியாகத் தூவினான். பிறகு காத்திருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் எதிர்ப்பக்கம்தான். வெளிறிய புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து இலையே சாம்பல் நிறமானது. குருத்துகளைச் சுற்றி மெல்லிய நூலாம்படை படர்ந்தது. அடுத்த பாத்தி, அதற்கடுத்த பாத்தி என்று தாண்டிக்கொண்டே போனது. பாட்டிலில் வந்த வேட்டைப் பேன் ஒன்றைக்கூட எந்த இலையிலும் காணோம். மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. பேன்தான் ஆடுகிறது என்று பசலைக்காரர் வண்டிக்காரரிடம் சொன்னது மகள் காதில் விழுந்தது. அவள் அன்று அப்பாவுக்கு டீ கொண்டுபோகவில்லை.

மறுநாள் முற்பகலில் அவள் பாத்தியிலிருந்து தலை நிமிர்ந்தபோது, முகமூடி கட்டிக்கொண்டு, முதுகில் மருந்துத் தெளிப்பானோடு மூன்றாம் குடில் வாசலில் அப்பா நின்றிருந்தார்.

“எங்கப்பா போறீங்க?”

“தள்ளு. இன்னும் ஒரு நாள் விட்டா இங்க கீரை இருந்துச்சுன்னு சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்.”

“அடிச்சா ஆஸ்பத்திரில எடுக்க மாட்டாங்க.”

“அடிக்காட்டியும் எடுக்கப் போறதில்ல. இந்தப் பேனோட எவன் எடுப்பான்? ஆஸ்பத்திரிக்கு இல்லாட்டி சந்தைக்காவது ஆகும்ல?”

“அப்பா, ஒண்ணும் ரெண்டும் குடில்ல அடிச்சீங்களே. அங்க பேன் இல்லையா? அங்க இத விட அதிகமா இருக்கு. காலையில நானே பாத்துட்டு வந்தேன்.”

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினார். இரண்டாம் குடில் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே மருந்து அடிக்க அடிக்க இலை வெளுத்துக்கொண்டு போவதை அவரும் பார்த்திருந்தார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அசுவினிக்கு அடித்த மருந்து செம்பேனை ஒன்றும் செய்யாமல், அதைத் தின்றுகொண்டிருந்த நல்ல பூச்சிகளை மட்டும் வழித்தெடுத்துக்கொண்டு போயிருந்தது.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து மாப்பிள்ளை வந்தான். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. தோளில் சொட்டச் சொட்ட ஒரு கோணிச் சாக்கு.

“மாமா” என்றான் நேராக அவரைப் பார்த்து. “பாட்டில்ல வந்ததுங்க சாகறதுக்குக் காரணம் தெரிஞ்சுபோச்சு. பூச்சி அனுப்பின லேபுக்குத் திரும்பப் போன் பண்ணேன். காத்து காஞ்சு கெடந்தா அதுங்களோட முட்டை பொரிக்காதாம். நாம திரைய முழுசாத் தூக்கிவிட்டு, காயக் காய வெச்சிருக்கோம். செம்பேனுக்கு விருந்து, இதுக்குப் பட்டினி.”

“அதுக்கு?”

“பேக்கரியில மாவு பொங்கறதுக்குன்னு ஒரு ரூம் இருக்கும். எவ்வளவு வெயில் அடிச்சாலும் உள்ள ஈரம் குறையக் கூடாது. சாக்க நனைச்சு நாலு பக்கமும் தொங்க விடுவோம், தரையில தண்ணி ஊத்திக்கிட்டே இருப்போம். பதினஞ்சு வருஷம் அதத்தான் செஞ்சேன் மாமா. இந்தக் குடில என்னால ஈரமா வெச்சிருக்க முடியும். ஆனா இப்ப இருக்கற பேன் ரொம்ப அதிகம். முதல்ல அதக் குறைக்கணும். அது என்னால ஆகாது. இலைக்கு அடியில இருக்கு, மேல இருந்து தண்ணி அடிச்சா அசையக்கூட மாட்டேங்குது.”

பசலைக்காரர் அந்த ஈரச் சாக்கின் நுனியைப் பிழிந்து பார்த்தார். பிறகு முதுகில் இருந்த தெளிப்பானை வார் அவிழ்த்து இறக்கி, வாசலுக்கு வெளியே, எட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். நேராகச் சாமான் அறைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் அட்டைப்பெட்டி பிரிக்காத ஒரு புதுத் தெளிப்பான் இருந்தது.

“இதுல மருந்து வாடையே பட்டதில்ல” என்று சொல்லிக்கொண்டே அதன் குழாய் நுனியை அடுப்பில் சூடாக்கி, மேல்நோக்கி வளைத்தார். “கீழேருந்து மேல அடிக்கணும். இலை கிழியாம, பேன் மட்டும் உதிரற மாதிரி. கை பழகணும். எனக்குப் பழகியிருக்கு.”

அது உண்மைதான். வளைந்த குழாயை இலைகளுக்கு அடியில் நுழைத்து, மணிக்கட்டை ஒரு சுழற்று சுழற்றினார். நூலாம்படை அறுந்து, பேன்கள் தண்ணீரோடு மண்ணில் விழுந்தன. இலையில் ஒரு கீறல் இல்லை. அவர் முன்னால் அடித்துக்கொண்டு போக, மகள் பின்னால் நின்று, தேறாது என்று தோன்றிய செடிகளைப் பிடுங்கிப் பையில் திணித்து வாயைக் கட்டினாள். மாப்பிள்ளை சாக்குகளை நனைத்துத் திரை நெடுகத் தொங்கவிட்டு, நடைபாதையில் தண்ணீர் ஊற்றினான். கண்ணில் வியர்வை இறங்க, அவன் ஒரு வாளியோடு பின்பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தான்.

“டேய், பாத்தியில கால் வெக்காதடா, பாத்து வா” என்று பசலைக்காரர் போட்ட சத்தத்தில் மூவரும் அப்படியே நின்றார்கள்.

வாழ்க்கையிலேயே முதல்முறையாக மாப்பிள்ளையை அவர் டேய் போட்டிருந்தார். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாப்பிள்ளைக்கு மட்டும் முகமெல்லாம் சிரிப்பு.

“சரி மாமா” என்று காலை எடுத்து நடைபாதையில் வைத்தான்.

அதற்குப் பிறகு மகளுக்கு நடுவில் நிற்கிற வேலை இல்லாமல் போயிற்று. அவர்கள் இருவரும் நேருக்கு நேர் சண்டை போட்டுக்கொண்டார்கள். சாக்கை எவ்வளவு நனைப்பது, திரையை எவ்வளவு தூக்குவது, கிழக்குப் பாத்தியைக் கைவிடுவதா வேண்டாமா என்று காலையில் தொடங்கினால் சாப்பாட்டு நேரம்வரை போகும். அவள் காதில் அது பாட்டாக விழுந்தது.

கழுவி முடித்துக் குடில் ஈரமாக நிலைத்த பிறகு, இரண்டாம் தடவையாகப் பாட்டில்கள் வந்தன. இம்முறை வெயில் தாழ்ந்த நேரம் பார்த்து, ஈர இலைகளின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினார்கள். மாப்பிள்ளை வேளைக்கு வேளை சாக்குகளை நனைத்தான். கைவிரல்கள் தண்ணீரிலேயே கிடந்து வெளுத்துச் சுருங்கின. ஆனால் இருமல் இல்லை. மருந்துமில்லை, மாவுமில்லை, ஈரக் காற்று மட்டும்.

பிறகு ஒரு காலையில் பசலைக்காரரைக் காணவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. மகள் தேடிக்கொண்டு மூன்றாம் குடிலுக்குப் போனாள். நடைபாதைச் சேற்றில் வயிறு பதியக் குப்புறப் படுத்து, ஒரு பூதக்கண்ணாடியை இலைக்கு அடியில் பிடித்துக்கொண்டிருந்தார். கெட்ட நினைப்பு வந்து அவள் ஓடிப்போய்த் தொட்டாள்.

“சத்தம் போடாத. ஓடிரும்.”

அவளும் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். கண்ணாடிக்குள் இலையின் அடிப்பக்கம் ஒரு மைதானம்போல் விரிந்திருந்தது. பெயரில் மட்டுமே சிவப்பாக இருந்த, வெளிறிய, மந்தமான ஒரு செம்பேன் நரம்போரம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதை நோக்கி, செக்கச்செவேலென்று, எண்ணெய் தடவியது போல் மின்னிக்கொண்டு இன்னொன்று விறுவிறுவென்று வந்தது. நின்றது. முன்னங்கால்களால் தடவிப் பார்த்தது. அப்படியே பிடித்துக்கொண்டது.

“பாத்தியா, பாத்தியா” என்றார் அவர் கிசுகிசுப்பாக. “இதோட மூணாவது. என்னா பசி. மாப்பிள்ளையக் கூப்புடு. வேணாம், நானே கூப்புடறேன்.” படுத்தபடியே குடில் அதிர ஒரு குரல் கொடுத்தார். அந்தக் குரலுக்கு எல்லாமே ஓடியிருக்கும். ஆனால் வேட்டைப் பேன் தின்பதை நிறுத்தவில்லை.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. குருத்திலிருந்து வந்த புது இலைகளில் புள்ளி இல்லை. நூலாம்படை நின்றுபோயிற்று. பழைய சாம்பல் இலைகளை ஒடித்து எறிந்தபோது அடியில் இருந்த பச்சை கண்ணைப் பறித்தது. ஆனால் மகளுக்கு ஒரு கவலை மிச்சமிருந்தது. பேசினில் எதுவும் மிதக்கக் கூடாது என்றால், வேட்டைப் பேனும் மிதக்கக் கூடாதே. நல்ல பேன், கெட்ட பேன் என்று அந்த அம்மாளிடம் வகுப்பு எடுக்கவா முடியும்?

“தீனி தீந்தா அதுவும் எடத்த காலி பண்ணிரும்” என்றார் பசலைக்காரர், ஏதோ பிறந்ததிலிருந்து வேட்டைப் பேன் வளர்த்தவர் மாதிரி. “அதுவரைக்கும் அறுக்காத.”

அவள் தினமும் வெள்ளைத் தாளோடு பாத்திபாத்தியாகப் போய் இலையைத் தட்டிப் பார்த்தாள். ஊர்கிறவை குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் தாள் வெறும் தாளாக இருந்தது. அன்றே அறுத்தார்கள். மூன்று தண்ணீரில் அலசி, நீரை வடித்து, கட்டுகளாக்கி, கூடைகளில் அடுக்கினார்கள். வண்டிக்காரரோடு மூன்று பேரும் ஏறிக்கொண்டார்கள். ஒருவரையும் இறக்கிவிட முடியவில்லை.

ஆஸ்பத்திரிச் சமையலறையின் பின்வாசலில் வெள்ளைத் தொப்பி அம்மாள் கூடைகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மேலே இருந்த கட்டைத் தொடவில்லை. கூடையின் அடியில் கையை விட்டு ஒரு கட்டை உருவினார். பேசினில் தலைகீழாக முக்கி, படபடவென்று உதறினார். தண்ணீர் ஆடி அடங்கும்வரை குனிந்து நின்றார். பசலைக்காரர் துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் வெறுமனே தண்ணீராகக் கிடந்தது.

அவர் அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்தார். வேறு கூடை, வேறு கட்டு. மறுபடியும் ஒன்றுமில்லை. மூன்றாவதாக எடுத்ததை உதறாமல், ஓர் இலையைப் பிரித்துத் திருப்பி, அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். பிறகு அதன் நுனியைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார்.

“லேபுக்கு ஒரு கட்டு போகும். அங்கயும் ஒண்ணும் இல்லைன்னாதான் சூப்புல போடுவேன்” என்றார். குரலில் இளக்கம் இல்லை. ஆனால் கூடைகளை உள்ளே எடுக்கச் சொல்லி ஆட்களுக்குக் கையைக் காட்டினார். ஒரு கூடைகூட வாசலில் நிற்கவில்லை.

லேபிலும் ஒன்றும் இல்லை. செய்தி வந்தபோது மகள் கொட்டகையில் இருந்தாள். வெளியே, இரண்டாம் குடிலில் வெளுத்துக் கிடந்த கீரையை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்த கணவனும் அப்பாவும், முதல் பாத்தியில் எந்தப் பக்கத்திலிருந்து புது விதையைத் தொடங்குவது என்று தொண்டை கிழியச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்துத் தோட்டக்காரர்கள் இரண்டு பேர், வெளிறிய இலைகளைக் கையில் வைத்துக்கொண்டு, சண்டை முடியட்டும் என்று வேலியோரம் காத்திருந்தார்கள். பசலைக்காரரிடம் பேன் இரவல் கேட்டு வந்திருந்தார்கள்.

“லேப் சரின்னு சொல்லிட்டாங்கம்மா” என்றார் வெள்ளைத் தொப்பி அம்மாள் போனில். “இன்னொண்ணு. எங்க குழந்தைங்க ஆஸ்பத்திரி கிச்சன்லயும் இனிமே உங்க கீரையத்தான் கேக்கறாங்க. ரெண்டு மடங்கு வேணும். முடியுமா? வீட்டுல கேட்டுச் சொல்றியா?”

மகள் வெளியே பார்த்தாள். சேறு அப்பிய இரண்டு முதுகுகள் வெயிலில் குனிந்திருந்தன.

“கேக்க வேண்டாம் மேடம்” என்றாள். “முடியும்.”